பிளவுஸ், உள்பாவாடை, இடது தோளில் முந்தானை... வங்காளப் பெண்களின் உடையை மாற்றிய தாகூர் வீட்டு மருமகள்: யார் இந்த ஞானதாநந்தினி தேவி?

கல்கத்தாவின் பெரும் பணக்காரக் குடும்பம். வீடு நிறைய வேலைக்காரர்கள், வாசலில் காவலாளி, பல்லக்கு. ஆனால் அந்த வீட்டு மருமகளுக்கு வெளியே போட்டுக்கொண்டு போக ஒரு உடை கிடையாது. காசு இல்லாமல் இல்லை. அவர் வெளியே போவார் என்று யாருமே யோசித்ததில்லை, அதனால் அப்படி ஒரு உடையே இல்லை!

1864-ல் இந்தச் சிக்கலில் மாட்டியவர் ஞானதாநந்தினி தேவி. ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி. இன்று இந்தியா முழுக்கப் பெண்கள் பிளவுஸ், உள்பாவாடை போட்டு, முந்தானையை இடது தோளில் விட்டுப் புடவை கட்டுகிறார்களே, அந்தக் கதையில் இவருக்கு முக்கியமான இடம் உண்டு. ஒரு பெண் என்ன உடுத்துவது என்பதை அவள் எந்த வீட்டில் பிறந்தாள், எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாள் என்பதே முடிவு செய்த காலம் அது. அதை வைத்துப் பார்த்தால்தான் இவர் கதை புரியும்.

பணக்கார வீட்டில் ஏன் மெல்லிய துணி?

19-ம் நூற்றாண்டின் நடுவில் வங்காளத்து இந்துப் பெண்களின் அன்றாட உடை ஒற்றைப் புடவைதான். உள்ளே ரவிக்கை இல்லை, பாவாடை இல்லை. உடம்பைச் சுற்றிக் கட்டி, மிச்சத்தை மார்பின் மேலும் தலையிலும் போர்த்திக்கொள்வார்கள். ஜமீன்தார் வீட்டு அம்மாவுக்கும் இதே ஒற்றைத் துணிதான், அவர் வீட்டில் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கும் இதே ஒற்றைத் துணிதான்.

அப்போ வித்தியாசம் எங்கே? துணியிலும், அதைக் கட்டிக்கொண்டு எங்கே போகலாம் என்பதிலும்.

மீன் விற்கும் பெண், வீட்டு வேலை செய்யும் பெண், வயலில் நாற்று நடும் பெண் எல்லோரும் முரட்டுப் பருத்தித் துணியைக் கொஞ்சம் ஏற்றி, இறுக்கிக் கட்டினார்கள். அது அழுக்கைத் தாங்கும், கிழிய நாளாகும், குனிந்து நிமிர வசதி. அந்தத் துணியோடு தெருவில் நடந்தார்கள், சந்தையில் உட்கார்ந்தார்கள், நாலு ஆண்களோடு விலை பேசினார்கள்.

பெரிய வீட்டுப் பெண்கள் கட்டியது மெல்லிய, உயர்ந்த ரகத் துணி. உடம்பு தெரியும் அளவுக்கு மெல்லியதாகவும் இருக்கும். ஆனால் பார்க்க யார் இருக்கிறார்கள்? அவர்கள் வாழ்ந்தது அந்தப்புரத்தில். வெளி ஆண்கள் யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. எங்காவது போயே ஆக வேண்டும் என்றால் மூடிய பல்லக்கு. கங்கையில் முழுக்குப் போட வேண்டுமா? பல்லக்கை அப்படியே ஆற்றுக்குள் இறக்கி முக்கி எடுத்துக்கொண்டு வருவார்கள். உள்ளே உட்கார்ந்தபடியே புண்ணிய ஸ்நானம் முடிந்துவிடும்!

ஆக, மெல்லிய துணி என்பதே அந்தஸ்தின் அடையாளம். நான் வெளியே போக வேண்டிய அவசியம் இல்லாத வீட்டுப் பெண் என்று அந்தத் துணி சொன்னது. ஏழைப் பெண்ணுக்குத் தெரு இருந்தது, நல்ல துணி இல்லை. பணக்காரப் பெண்ணுக்கு நல்ல துணி இருந்தது, தெரு இல்லை.

இதில் இன்னொரு கொடுமை விதவைகள். எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும், கணவர் போய்விட்டால் மேல்சாதி இந்துப் பெண்ணுக்குக் கரையில்லாத வெள்ளைத் துணிதான். நகை கிடையாது. பணம் எல்லா விஷயத்திலும் உதவியது, இதில் மட்டும் உதவவில்லை.

சரி, தைத்த துணி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். தைத்த உடை வங்காளத்தில் இல்லாமல் இல்லை. முஸ்லிம் பெண்கள் போட்டார்கள், ஆங்கிலேயப் பெண்கள் போட்டார்கள், ஆடல் பாடல் நடத்தும் பாயிஜிகள் போட்டார்கள். அதுதான் பிரச்சினையே. இந்து 'நல்ல குடும்பத்து' பெண் தைத்த உடை போட்டால், இவர்களில் ஒருவராக மாறிவிட்டாள் என்று ஊர் பேசும். செருப்பு, காலுறை போட்டாலும் இதே பேச்சுதான்.

ஏழெட்டு வயதில் திருமணம்

ஞானதாநந்தினி பிறந்தது 1850-ல், இப்போது வங்கதேசத்தில் இருக்கும் ஜெசோர் மாவட்டத்தின் நரேந்திரபூர் கிராமத்தில். தந்தை அபயசரண் முகோபாத்யாய், தாய் நிஸ்தாரிணி தேவி. ஏழெட்டு வயதிலேயே கல்கத்தா ஜோராசாங்கோ தாகூர் வீட்டுக்கு மருமகளாக வந்துவிட்டார். கணவர் சத்யேந்திரநாத், பிரம்ம சமாஜத் தலைவர் தேவேந்திரநாத் தாகூரின் இரண்டாவது மகன்.

பிரம்ம சமாஜம் உருவ வழிபாட்டை எதிர்த்த சீர்திருத்த இயக்கம். ஆனால் சீர்திருத்தம் எல்லாம் கூடத்தோடு சரி, அந்தப்புர வாசலைத் தாண்டி உள்ளே போக அதற்கு ரொம்ப நாள் ஆனது. இந்தச் சிறுமியும் மற்றப் பெண்களைப் போலத் திரைக்குப் பின்னால்தான் வளர்ந்தார்.

சத்யேந்திரநாத்துக்கு இந்த ஏற்பாடு சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒருநாள் இரவு தன் நண்பர் மனோமோகன் கோஷை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் கூட்டி வந்து, மனைவியை அறிமுகப்படுத்தக் கொசுவலைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார். ஒரு பக்கம் முக்காடு போட்டபடி சுருண்டு உட்கார்ந்திருந்த சிறு பெண், இன்னொரு பக்கம் என்ன பேசுவதென்றே தெரியாத இளைஞர். கடைசிவரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அறிமுகம் முடிந்தது.

1862-ல் சத்யேந்திரநாத் சிவில் சர்வீஸ் தேர்வு எழுத இங்கிலாந்து போனார். மனைவியையும் அனுப்பி வைக்கும்படி அங்கிருந்து கடிதம் எழுதினார். தேவேந்திரநாத் சம்மதிக்கவில்லை. கிடைத்தது ஒன்றே ஒன்று, படிப்பு. மைத்துனர் ஹேமேந்திரநாத் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் எடுத்தார். பிறகு அயோத்யாநாத் பாக்ராஷி என்ற பிரம்ம சமாஜ ஆசிரியரும் வந்தார். வெளி ஆண் ஒருவர் அந்தப்புரத்துக்குள் வந்து பாடம் நடத்துவது அந்த வீட்டில் பெரிய விஷயம். ஆசிரியர் முன்னால் அந்த மெல்லிய ஒற்றைப் புடவையோடு எப்படி உட்காருவது? பெண்களின் உடை போதாது என்று தேவேந்திரநாத்துக்கே மனக்குறை இருந்தது. தையல்காரர்களை வைத்து மகள்களுக்கு விதவிதமாக உடை தைத்துப் பார்த்தார். எதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை.

உதவி இல்லாமல் போட முடியாத கவுன்

1864-ல் சத்யேந்திரநாத் இந்தியா திரும்பினார், ஐசிஎஸ் அதிகாரியான முதல் இந்தியராக. வேலை பம்பாய் மாகாணத்தில். இந்தத் தடவை மனைவியைக் கூட்டிக்கொண்டே போவது என்று உறுதியாக இருந்தார். தந்தையும் ஒப்புக்கொண்டார். ஆனால் வீட்டு வாசலிலிருந்து குதிரை வண்டியில் ஏறிப் போகலாமா என்று கேட்டபோது மறுத்துவிட்டார். அலுவலக ஊழியர்கள் கண் முன்னால் மருமகள் நடந்து போய் வண்டி ஏறுவதா? மூடிய பல்லக்கில்தான் கப்பல் வரை போனார் ஞானதாநந்தினி. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நேரடி ரயில் பாதை 1870-ல்தான் இணைந்தது, அதனால் கடல் வழிதான் பயணம்.

கப்பலில் என்ன போடுவது? இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன சிக்கல். ஒரு பிரெஞ்சு தையல் கடையில் சொல்லி, 'கீழைநாட்டு' பாணி என்ற பெயரில் ஒரு உடை தைத்து வாங்கினார்கள். பார்க்க என்னவோ போல இருந்தது, போடுவது அதைவிடக் கஷ்டம். தனியாகப் போட முடியாமல் கணவரின் உதவி தேவைப்பட்டது.

இதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. அந்தக் காலத்து ஐரோப்பியப் பணக்காரப் பெண்களின் உடை பலவும் பணிப்பெண் இல்லாமல் போட முடியாததுதான். முதுகுப் பக்கம் கொக்கி, இறுக்கிக் கட்டும் கார்செட், வளையம் வைத்த பாவாடை. உடை மாட்டிவிட ஒரு ஆள் வைத்திருக்கிறேன் என்பதே அதில் ஒரு அந்தஸ்து. கல்கத்தாவில் மெல்லிய துணி சொன்ன அதே விஷயத்தை லண்டனில் அடுக்கடுக்கான துணி சொன்னது. அங்கேயும் வீட்டு வேலை செய்யும் பெண்கள் தனியாகத் தெரிய வேண்டும் என்று, நூற்றாண்டின் பிற்பகுதியில் கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரன், தொப்பி என்று ஒரு சீருடையே வழக்கமாகிவிட்டது.

பார்சி வீட்டில் கற்றது

பம்பாயில் முதலில் தங்கியது மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிப் பிரமுகரின் வீட்டில். பெண் கல்விக்காக உழைத்தவர் அவர். அந்த வீட்டுப் பெண்கள் விருந்தினர் முன் வந்தார்கள், பேசினார்கள், வெளியே போனார்கள். அவர்களின் உடை ஞானதாநந்தினியைக் கவர்ந்தது. புடவைதான், ஆனால் உள்ளே தைத்த சட்டை, கீழே பாவாடை, ஒழுங்கான மடிப்பு. தானே கட்டிக்கொள்ளலாம், நடக்கலாம், வண்டியில் ஏறலாம்.

அதை அப்படியே காப்பி அடிக்கவில்லை. பார்சி, குஜராத்தி முறையில் முந்தானை வலது தோள் வழியாக முன்னால் வரும். ஞானதாநந்தினி அதை இடது தோளுக்கு மாற்றினார். வலது கை ஃப்ரீ! யாராவது கை நீட்டினால் குலுக்கலாம், எழுதலாம், ஒரு கோப்பையைப் பிடிக்கலாம். புடவையோடு உள்சட்டை, பிளவுஸ், உள்பாவாடை, காலுறை, ஷூ எல்லாம் சேர்ந்து ஒரு முழு உடையாக ஆனது. வங்காளத்தில் முதலில் இதைப் பம்பாய் முறை என்றார்கள். பிரம்ம சமாஜப் பெண்கள் பரவலாகக் கட்ட ஆரம்பித்ததும் பிராமிகா புடவை என்ற பெயர் வந்தது.

இங்கே ஒரு விஷயம். பிளவுஸைக் 'கண்டுபிடித்தவர்' இவர்தான் என்று சமூக வலைதளங்களில் அடிக்கடி ஒரு பதிவு சுற்றும். ஆங்கிலேயர் கிளப்பில் அனுமதி மறுத்ததால் அவமானப்பட்டு பிளவுஸை உருவாக்கினார் என்று கதை போகும். அது மிகை. ரவிக்கையும் சோளியும் தெற்கிலும் மேற்கிலும் அவருக்கு ரொம்ப காலம் முன்பே இருந்தவை. அவரே அதைப் பம்பாயில் பார்த்துத்தான் எடுத்தார். காரணமும் பம்பாய்ப் பயணம்தான், கிளப் வாசல் அல்ல. அவர் செய்தது வேறு. வெளியே நடமாடும் ஒரு வங்காளிப் பெண்ணுக்கு மரியாதையான உடை எது என்ற கேள்விக்குக் கட்டிக் காட்டக்கூடிய ஒரு பதிலைக் கொடுத்தார்.

ஒரு விருந்து, ஒரு அதிர்ச்சி

1866-ல் கல்கத்தா திரும்பினார். போகும்போது பல்லக்கு. வரும்போது வண்டியிலிருந்து ஜோராசாங்கோ வாசலில் எல்லோர் கண் முன்பும் இறங்கினார். ஒரு மெம்சாகிப் போல வீட்டு மருமகள் இறங்குவதைப் பார்த்து வீட்டில் அழுகையே வந்துவிட்டது. ஏதோ துக்கம் நடந்த மாதிரி.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அரசப் பிரதிநிதி லாரன்ஸ் பிரபு கொடுத்த விருந்து. கணவருக்கு உடல்நிலை சரியில்லாததால் ஆங்கிலப் பெண்களோடு ஞானதாநந்தினி மட்டும் போனார். அங்கே ஒரு இந்துப் பெண் வருவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. போபால் பேகம்தான் வந்திருக்கிறார் என்று பலர் நினைத்துவிட்டார்கள்! ஆனால் தாகூர் குடும்பத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த பிரசன்ன குமார் தாகூருக்கு ஆள் தெரிந்துவிட்டது. தங்கள் குடும்பத்துப் பெண் இப்படி வெளியில் வந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் விருந்திலிருந்தே கிளம்பிப் போய்விட்டார்.

உடம்பு முழுக்க மூடிய உடையில் வந்த பெண்ணைப் பார்த்துத்தான் இந்த வெட்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். மெல்லிய ஒற்றைத் துணியில் வீட்டுக்குள் இருந்தவரை யாருக்கும் மானம் போகவில்லை.

வீட்டு உடைக்காக இத்தனை நாள் தையல்காரர்களோடு மல்லுக்கட்டிய தேவேந்திரநாத்துக்கோ, மருமகள் கொண்டு வந்த கட்டு பிடித்திருந்தது. மகள்களும் மற்ற மருமகள்களும் அதற்கு மாறினார்கள். ஆனால் மருமகளின் சுதந்திரமான போக்கு பிடித்தது என்று சொல்ல முடியாது. ஞானதாநந்தினி பிறகு கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தனி வீட்டில் வாழத் தொடங்கினார்.

பத்திரிகையில் விளம்பரம்

புதிய கட்டு ஒரு வீட்டோடு நின்றுவிடவில்லை. பெண்களுக்காக வந்த 'பாமாபோதினி பத்ரிகா' இதழில், இந்த முறையில் புடவை கட்டக் கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்குச் சொல்லித் தரத் தயார் என்று விளம்பரம் கொடுத்தார் ஞானதாநந்தினி. இன்றைய யூடியூப் புடவை கட்டும் வீடியோவுக்கு அது முன்னோடி என்று சொன்னால் தப்பில்லை. ஐசிஎஸ் அதிகாரி பிஹாரி லால் குப்தாவின் மனைவி சௌதாமினி முதலில் கற்றவர்களில் ஒருவர்.

இந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. முதலில் கற்றவர்கள் யார்? அதிகாரிகளின் மனைவிகள், வக்கீல், டாக்டர் வீட்டுப் பெண்கள், பிரம்ம சமாஜக் குடும்பங்கள். 1870-களின் தொடக்கத்தில் பிரம்ம சமாஜ வழிபாட்டில் பெண்கள் திரைக்கு வெளியே உட்கார வேண்டும் என்று சிலர் போராடியபோதும், பெண்கள் பள்ளிக்குப் போனபோதும் இந்த உடை கைகொடுத்தது. வெளியே போகத் தொடங்கிய படித்த நடுத்தர வர்க்கப் பெண்ணின் சீருடை மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அதுவே புதிய கோட்டையும் போட்டது. ஒரு புடவைக்குப் பதில் இப்போது உள்சட்டை, பிளவுஸ், பாவாடை, ஷூ, காலுறை. தையல் கூலி தனி. துவைக்கும் துணி இரட்டிப்பு. இதெல்லாம் யாரால் முடியும்? வேலைக்காரப் பெண்ணும் மீன்காரப் பெண்ணும் பழையபடி ஒற்றைத் துணியிலேயே இருந்தார்கள். வங்காளக் கிராமங்களில் 20-ம் நூற்றாண்டிலும் வெகுநாள் இதே நிலைதான். முன்பு எஜமானிக்கும் வேலைக்காரிக்கும் ஒரே மாதிரிக் கட்டு, துணி மட்டும் வேறு. இப்போது கட்டே வேறு. பிளவுஸ் போட்டவள் நல்ல குடும்பத்துப் பெண், போடாதவள் சாதாரணப் பெண் என்று ஒரே பார்வையில் பிரிக்க முடிந்தது. மானம் என்ற சொல்லுக்குத் தையல்காரர் கூலி ஒரு நுழைவுக் கட்டணம் மாதிரி ஆனது.

அதே காலத்தில் தெற்கே

ஞானதாநந்தினி கதையைத் தமிழ்நாட்டில் படிக்கும்போது தோள்சீலைப் போராட்டம் நினைவுக்கு வராமல் இருக்காது. அதே நூற்றாண்டில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்காகத் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டு மோதலுக்குப் பிறகு 1859 ஜூலையில் மன்னர் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். நாடார் பெண்கள் ஜாக்கெட் போடலாம், முரட்டுத் துணியால் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது என்றது அது.

கல்கத்தாவில் பெரிய வீட்டுப் பெண் உடை மாற்றியபோது உறவினர் விருந்திலிருந்து எழுந்து போனார். தெற்கே உழைக்கும் பெண் உடை மாற்றியபோது அடி விழுந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கணவர் இல்லாமல் லண்டனுக்கு

1877-ல் இன்னொரு துணிச்சல். மூன்று சிறு குழந்தைகளோடு, கர்ப்பிணியாக, கணவர் துணையில்லாமல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கடல் கடப்பதே பாவம் என்று பலர் நினைத்த காலம். அங்கே நடந்தது சோகம். பிறந்த குழந்தை தங்கவில்லை, கூட்டிப்போன கடைக்குட்டி கவீந்திரநாத்தும் இறந்துபோனான். மிஞ்சிய சுரேந்திரநாத், இந்திரா இருவரோடும் பிரைட்டனில் இருந்தார். 1878-ல் சத்யேந்திரநாத் வந்து சேர்ந்தபோது கூடவே வந்த 17 வயதுத் தம்பிதான் ரவீந்திரநாத். அண்ணி வீட்டில்தான் முதலில் தங்கினார்.

1880-ல் குடும்பம் நாடு திரும்பியது. 1883-ல் ரவீந்திரநாத்துக்கு மணமானபோது, கிராமத்திலிருந்து வந்த சின்னப் பெண் மிருணாளினியைப் படிக்க வைத்து, நகர வாழ்க்கைக்குப் பழக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் ஞானதாநந்தினி. ஒரு காலத்தில் அவர் இருந்த அதே நிலைதானே அது. 1885-ல் குழந்தைகளுக்காக 'பாலக்' என்ற இதழைத் தொடங்கினார். ரவீந்திரநாத் அதில் நிறைய எழுதினார். தாகூர் வீட்டு நாடகங்களில் நடிக்கவும் செய்தார் ஞானதாநந்தினி.

அவரது புடவைக் கட்டு அப்படியே நிற்கவில்லை. அடுத்தடுத்த தலைமுறைப் பெண்கள் தோளில் ப்ரூச் குத்தினார்கள், மடிப்பை மாற்றினார்கள், ஷூவையும் காலுறையையும் விட்டார்கள். பிளவுஸும் உள்பாவாடையும் மட்டும் நிலைத்தன. தையல் மெஷின் பரவியதும், மில் துணி மலிந்ததும்தான் அவற்றைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டு வந்தன.

கணவர் 1923-ல் காலமானார். ஞானதாநந்தினி தேவி 1941 அக்டோபரில், ரவீந்திரநாத் மறைந்த இரண்டு மாதத்துக்குள், 91 வயதில் இறந்தார். முதுமையில் மகள் இந்திராவிடம் சொல்லி எழுத வைத்த நினைவுகள் 1957-ல் 'புராதனி' என்ற புத்தகமாக வந்தன. கொசுவலைக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த இரவு நமக்குத் தெரிய வந்ததெல்லாம் இந்த மாதிரிக் குடும்ப நினைவுக் குறிப்புகளால்தான். அதே வீட்டில் அப்போது வேலை பார்த்த பெண்கள் என்ன உடுத்தினார்கள், பிளவுஸ் போட்ட எஜமானியைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.